'இடைநிறுத்தம்' வேண்டாம், 'கண்ணயர்வு' எப்படி?

வணக்கம் அண்ணா,

கணினியை அணைக்காமல் தூங்கவைக்கும் 'சஸ்பெண்ட்' கட்டளைக்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் தந்த 'இடைநிறுத்தம்' அகராதிப்படி சரிதான். ஆனால் இலங்கை மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் ஒருவரை இடைநிறுத்திவிட்டார்கள் என்றால் அந்த வீட்டில் சம்பளம் நின்றுவிட்டது என்று பொருள். அட்டனுக்குப் பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் ஒரு மடுவத்தில் நான் பொருத்திய, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் தராசின் திரையில் 'இடைநிறுத்தப்பட்டது' என்று வந்ததும், கூடையோடு நின்ற அக்கா "யாரை?" என்று கேட்டுவிட்டார்.

உள்ளே நடப்பது என்ன? பொத்தானை அழுத்தியதும் லினக்ஸின் மையநிரலான கெர்னல் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைகளை உறையவைக்கிறது. பிறகு சாதனங்களை ஒவ்வொன்றாக அமர்த்துகிறது. ராம் நினைவகம் மட்டும் சொட்டு மின்சாரத்தில் உயிரோடு இருக்கிறது. எழுப்பும் பொத்தானுக்கும் காது திறந்தே இருக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு எழும்பும் இந்த நிலையை நம் வீடுகளில் 'கண்ணயர்வு' என்றுதானே சொல்வோம்?

'துயில்' அழகான சொல். ஆனால் இந்த நாட்டில் அதைக் கேட்டால் போரில் மாண்ட போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. எழும்பாதவர்களின் சொல்லை ஒரு பொத்தானுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

விழிப்பதற்கும் விட்ட வேலையைத் தொடர்வதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும். இதை அந்தத் தராசிடம் பட்டுத்தான் கற்றேன். எழுப்புவதற்காக அழுத்திய அதே அழுத்தம் மின் பொத்தானுக்குரிய 116ஆம் எண் விசையாக என் நிரலுக்கும் போய்ச் சேர, அது அதைக் கண்ணயரச் சொல்லும் புதுக் கட்டளை என்று எடுத்துக்கொண்டது. தராசு கண்விழித்த கையோடு மறுபடியும் சாய்ந்தது. மழையில் வரிசை நீண்டது, எனக்கு ஏச்சு விழுந்தது. மீண்டபின் இரண்டு விநாடிக்குள் வரும் அழுத்தத்தைப் புறக்கணிக்கச் செய்த பிறகே அடங்கியது. ஆகவே வேக் 'விழிப்பு', ரெஸ்யூம் 'மீள்தொடர்வு'.

---

தம்பி,

கண்ணயர்வு பிடித்திருக்கிறது. மீள்தொடர்வு நாக்கில் தடுக்குகிறது, 'தொடர்வு' போதாதா? நினைவகத்தை டிஸ்கில் எழுதிவிட்டு மின்சாரத்தை நிறுத்தும் ஹைபர்நேட்டுக்கு என்ன சொல்வீர்கள்? 'உறைநிலை' என்றால் நீங்கள் சொன்ன உறையவைத்தலோடு குழம்பும்.

---

தொடர்வு என்றே வைப்போம், அண்ணா. ஹைபர்நேட்டுக்கு, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் 'கவ்வாத்து' என்ற சொல்லை வைக்க ஆசைதான். ஆனால் கவ்வாத்து வெட்டிய தேயிலை புதிதாகத் துளிர்க்குமே தவிர, பழைய இலை திரும்பாது. இங்கே பழைய இலை ஒன்றுவிடாமல் அதே கிளையில் திரும்ப வேண்டும். 'ஆழுறக்கம்' என்று இப்போதைக்கு எழுதிவைக்கிறேன். தராசின் திரையை இன்றிரவே மாற்றிவிடுவேன். அக்கா நாளை என்ன கேட்கிறார் என்று பார்ப்போம்.