போஹும் (ஜெர்மனி): விசா முடியப்போகுது, முகவரிப் பதிவு ஆகலை

புதுவரவு: ரூர் பல்கலைக்கழகத்துல மாஸ்டர்ஸ். மூணு வாரத்துல விசா முடியுது. ரூம் யூ35 நகர ரயில் லைன்ல. முகவரியைப் பதிவு பண்ண ஓனர் கையெழுத்து வேணுமாம். ரூம் தந்த பையன் ஓனர் நம்பரையே தர மாட்டேங்கறான். தூக்கமே இல்லை, உடனே சொல்லுங்க.

வேலன்: அகாஃபோ (மாணவர் நலச் சேவை) ஹாஸ்டலுக்கு இன்னைக்கே விண்ணப்பம் போடுங்க. வெளியில எடுத்தா மூணு மாச கால்ட்மீட்டவுக்கு (ஹீட்டிங் மாதிரி செலவு சேராத வாடகை) மேல டெபாசிட் கேட்க சட்டத்துல இடமில்லை.

ரயில்பாதை: ஹாஸ்டலை நம்பி உட்காராதீங்க, வரிசை பெருசு. மாணவருக்கான செமஸ்டர் டிக்கெட்ல ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில்ல போகலாம். டோர்ட்முண்ட், எஸ்ஸன்லயும் தேடுங்க. ஐசிஇ மாதிரி அதிவேக ரயில்ல மட்டும் ஏறக்கூடாது.

குமரன்_ரூர்: தம்பி, முதல் மாசங்கள் எல்லாருக்கும் கஷ்டம்தான். போஹும்ல 1973இல கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடினது, 2014இல ஓப்பல் கார் ஆலையும் மூடினது. மாணவருக்கு வேலை எடுக்கிறது லேசில்லை.

வேலன்: வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லேன்னா 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழக ஹிவி (மாணவர் உதவியாளர்) வேலை அதுல சேராது.

ரயில்பாதை: எதுக்கெடுத்தாலும் காகிதம், எல்லாம் தபால்ல. தபால்பெட்டியில உங்க பேர் ஒட்டலைன்னா கடிதம் திரும்பிப் போயிடும்.

மீனா அக்கா: கேட்டதுக்கு வருவோம். தம்பி, ஓனர் கையெழுத்தே வேண்டாம். உள்வாடகைக்கு விட்ட அந்தப் பையனே சட்டப்படி வோனுங்ஸ்கேபர், அதாவது வீடு தந்தவர். அவனே படிவத்துல கையெழுத்துப் போடலாம். மறுத்தா, மறுக்கிறான்னு பதிவு அலுவலகத்துக்கு உடனே எழுதுங்க, அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. குடிபுகுந்து ரெண்டு வாரத்துக்குள்ள பதியணும், அதனால தள்ளிப்போடாதீங்க.

விசா டி வகையா (நீண்ட காலம் தங்குறதுக்கானது)? அப்படின்னா அது முடியறதுக்குள்ள வதிவிட அனுமதி விண்ணப்பம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரணும். அப்பாயின்ட்மென்ட் கேட்டு வெச்சா மட்டும் விண்ணப்பம் ஆகிடாது. பாஸ்போர்ட், சேர்க்கைச் சான்று, காப்பீடு, மாசம் 992 யூரோ காட்டுற பிளாக்டு அக்கவுண்ட் (மாசாமாசம் மட்டும் எடுக்க முடியுற கணக்கு) எல்லாத்தையும் அனுப்புங்க. முகவரிப் பதிவுச் சான்று பின்னால வரும்னு எழுதுங்க. முடிவு வர்ற வரைக்கும் பழைய விசா செல்லும். அதுக்கான சான்று ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங், அதைக் கேட்டு வாங்குங்க. சி விசான்னா (குறுகிய காலத்துக்கானது) இந்த வழி இல்லை.

ரூம் எந்த ஊர்? யூ35 பக்கத்து ஊர் ஹெர்னவுக்கும் போகுது.

புதுவரவு: டி விசாதான் அக்கா. ரூம் ஹெர்னவுல. போஹும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத்தான் மெயில் போட்டேன்.

மீனா அக்கா: அங்கதான் சிக்கல். குடியிருக்கிற ஊர் அலுவலகம்தான் பார்க்கும். இன்னைக்கே ஹெர்னவுக்கு அனுப்புங்க, வந்து சேர்ந்ததுன்னு பதில் கேட்டு எடுத்து வெச்சுக்கோங்க.