ஏட்டு கூப்பிட்டதால் ஓடிப்போய்ப் பிடித்தவன் மேல் வழக்கு. இது நியாயமா?

மேட்டுத்தெரு:
போன வாரம் எங்க ஊர் பேருந்து நிலையத்தில் நடந்தது. பூ விற்கிற அம்மா கழுத்திலிருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒரு பையன் ஓடினான். பின்னாலேயே ஏட்டு "புடிங்கய்யா, புடிங்க" என்று கத்திக்கொண்டு வந்தார். என் சித்தப்பா மகன் குறுக்கே பாய்ந்து அவனை இளநீர் வண்டி ஓரம் தள்ளிப் பிடித்தான். பையனுக்கு முன்கை எலும்பு முறிந்துவிட்டது. இப்போது தம்பி மேல் எஃப்.ஐ.ஆர்., கொடுங்காயப் பிரிவு. அந்த அம்மா கழுத்தில் சங்கிலி அறுத்த கோடு இன்னும் ஆறவில்லை. உதவிக்கு வந்தவன் மேலேயே வழக்குப் போட்டால் நாளைக்கு எவன் வருவான்?

பொன்மலை:
தம்பி, நான் ஓய்வு பெற்ற ஏட்டு. உங்கள் ஆதங்கம் முழுக்க நியாயம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 31-வது பிரிவு, பழைய சி.ஆர்.பி.சி. 37. தப்பி ஓடுகிறவனைப் பிடிக்கப் போலீஸ்காரர் நியாயமாக உதவி கேட்டால் பொதுமக்கள் செய்தே ஆகவேண்டும். வேண்டுமென்றே செய்யாமல் இருந்தால் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 222-ன்படி 6 மாதம் வரை சிறை உண்டு. வராவிட்டாலும் குற்றம், வந்தாலும் குற்றம் என்றால் மனிதன் எங்கே போவான்? கைதை எதிர்த்துத் திமிறினால் "தேவையான எல்லா வழிகளையும்" கையாளலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 43(2) சொல்கிறது. போலீசுக்கு மட்டுமல்ல, கைது செய்கிற "வேறு நபருக்கும்" அந்த உரிமை உண்டு. ஓடுகிறவனைப் பிடிக்கும்போது கை கால் முறியத்தான் செய்யும். ராத்திரி ரோந்தில் ஒற்றை ஆளாக நின்று பார்த்தால்தான் அந்தப் பயம் தெரியும்.

தாமிரபரணி:
பொன்மலை ஐயா, நீங்கள் சொன்ன பிரிவுகள் எல்லாம் சரி. ஆனால் 43-ஐ வாசித்துவிட்டு 46-ஐ விட்டுவிட்டீர்கள். தப்பவிடாமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது அது. 43-லேயே நான்காவது உட்பிரிவைப் பாருங்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவனைக் கைது செய்யும்போது அவன் சாவுக்குக் காரணமாகும் உரிமையை இந்தப் பிரிவு யாருக்கும் தரவில்லை.

மேட்டுத்தெரு, ஒன்றே ஒன்று கேட்கிறேன். கை எப்போது முறிந்தது? விழும்போதா, பிடித்த பிறகா?

மேட்டுத்தெரு:
விழும்போதுதான் என்று தம்பி சொல்கிறான். கூட்டம் கூடிவிட்டது, ஆளாளுக்கு ரெண்டு போட்டார்கள். அதைப் பெரிதாக்க வேண்டுமா?

கரிசல்:
திருடனுக்கு வக்காலத்து வாங்க எப்போதும் ஆள் இருக்கிறது. பூக்கார அம்மாவுக்குத்தான் யாரும் இல்லை.

தாமிரபரணி:
கரிசல், நான் குற்றவியல் வழக்கறிஞர். அந்த அம்மாவுக்காகவும் நான் நீதிமன்றத்தில் நிற்பேன். அவர் சங்கிலிக்குச் சட்டம் பதில் சொல்லும். பிடிபட்ட பையன் கையை ஒடிப்பது அந்தப் பதில் அல்ல.

பொன்மலை:
அம்மா, சட்டம் நல்லெண்ணத்தைப் பார்க்கிறது. பி.என்.எஸ். 14, 17 இரண்டும் அதற்குத்தான். ஒருவன் கொலை செய்வதாகக் கண்ணுக்குப் பட்டது, நல்லெண்ணத்தில் அவனைப் பிடித்து அதிகாரிகளிடம் கொண்டுபோனேன், பிறகு பார்த்தால் அவன் தற்காப்புக்காகத்தான் வெட்டினான். அப்போதும் பிடித்த நான் குற்றவாளி அல்ல. உதாரணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒருபடி மேலே போனால், கொலைப் பிரிவின் மூன்றாவது விதிவிலக்கில் அரசு ஊழியரோடு சேர்த்து "அரசு ஊழியருக்கு உதவுகிறவரும்" இருக்கிறார்.

தாமிரபரணி:
அந்த விதிவிலக்கை நீங்கள் எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. அது யாரையும் விடுதலை செய்வதில்லை. அதிகாரத்தை மீறினாலும், சட்டப்படி சரி, கடமைக்குத் தேவை என்று நல்லெண்ணத்தோடு நம்பி, பகை இல்லாமல் செய்திருந்தால் கொலை என்பது கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும். தண்டனை அப்போதும் உண்டு.

"நல்லெண்ணம்" என்றால் நல்ல மனசு என்று எல்லோரும் நினைக்கிறோம். உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதுவும் சட்டத்தில் நல்லெண்ணம் ஆகாது. ஓடுகிறவன் காலை வாரிவிடுவதில் அந்தக் கவனம் இருக்கலாம். குப்புறக் கிடந்து கையெடுத்துக் கும்பிடுகிறவன் கையை முறுக்குவதில் என்ன கவனம் இருக்கிறது?

உதவியாளருக்கு எல்லை போடாமல் விட்டதன் விலையை நம் மாநிலமே பார்த்தது. 1993-ல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கியதுதான், போலீசுக்கு உதவப் பொதுமக்களைச் சேர்த்த ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிக்கப்பட்டு இறந்தபோது அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசே தடை விதித்தது. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அதிகாரிகளாக்கி, துப்பாக்கி கொடுத்து மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அனுப்பினார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது.

பொன்மலை:
சாத்தான்குளத்தை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். காக்கி போட்ட எனக்கு அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு பையனை அதோடு சேர்க்காதீர்கள். யாரும் அவனுக்குப் பயிற்சி தரவில்லை. அரை நிமிடத்தில் நடந்ததை நாம் வாரக்கணக்கில் உட்கார்ந்து அலசுகிறோம்.

தாமிரபரணி:
அதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அந்த அரை நிமிடத்துக்கு நீதிமன்றமும் இடம் கொடுக்கும், பலத்தைத் தராசில் வைத்துப் பவுன் கணக்காக நிறுக்காது. என் கேள்வி அதற்கு அடுத்த நிமிடத்தைப் பற்றியது.

மேட்டுத்தெரு:
நேற்று ராத்திரி அந்தச் சம்பவத்தின் வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். முதல் முறை கோபத்தில் பார்த்தது, பாதியில் நிறுத்தியிருந்தேன். பையன் விழுகிறான், எழ முயல்கிறான், தம்பி முழங்காலால் அழுத்துகிறான், ஏட்டு வந்து பையனுடைய துண்டாலேயே இரண்டு கையையும் பின்னால் கட்டுகிறார். அதுவரை கை நன்றாக இருக்கிறது, விரலை மடக்கி நீட்டுகிறான். அதன் பிறகு யாரோ "இந்தக் கைதானேடா அறுத்துச்சு" என்கிறார்கள். தம்பிதான் குனிகிறான். ஏட்டு பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கரிசல்:
அந்த வீடியோவை ஏன் இங்கே எழுதுகிறீர்கள்? வெளியே போனால் தம்பி வாழ்க்கை போச்சு.

தாமிரபரணி:
அழித்தாலோ வெட்டினாலோ அது தனிக் குற்றம். வீடியோ அப்படியே இருக்கட்டும், தம்பியின் வக்கீல் முதலில் பார்க்கட்டும். விழ வைத்தது, அழுத்திப் பிடித்தது எல்லாவற்றுக்கும் 31, 43 துணை நிற்கும். கட்டிய பிறகு நடந்ததற்கு நிற்காது. பார்த்துக்கொண்டு நின்ற ஏட்டின் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா?

மேட்டுத்தெரு:
இல்லை. தம்பி பெயர் மட்டும்தான்.

பொன்மலை:
அது தப்பு. கூப்பிட்டவன் அவன். கட்டின பிறகு அந்தப் பையன் அவன் பொறுப்பு, கூட்டத்தை விலக்கியிருக்க வேண்டும். எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள், வாசகம் நான் பார்த்துத் தருகிறேன்.