ரைசன் 5 2600: ப்ராசசரை மட்டும் மாற்றினால் போதுமா, மொத்தமாக மாற்ற வேண்டுமா?

கேள்வி

2019-ல் அசெம்பிள் செய்த கணினி. ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு (அட்டைப்பெட்டியில் 3200 என்று இருக்கிறது), 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கிராபிக்ஸ் கார்டை மட்டும் பிற்பாடு மாற்றி ஆர்எக்ஸ் 6600 போட்டேன். மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ்.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல் சும்மா சுற்றும்போது 130 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை படங்கள்) வரை வருகிறது. நாலைந்து பேர் ஒரே இடத்தில் சுட ஆரம்பித்து, புகைக்குண்டும் விழுந்துவிட்டால் 60-க்குக் கீழே போய் விட்டு விட்டு ஓடுகிறது. சைபர்பங்க் 2077-ல் ஆள்கூட்டம் நிறைந்த தெருவில் வண்டி ஓட்டினாலும் இப்படித்தான். செட்டிங் எல்லாவற்றையும் லோவுக்கு இறக்கியும் மாற்றம் இல்லை.

கடையில் கேட்டால் போர்டு, ரேம், ப்ராசசர் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை. இதே போர்டில் ரைசன் 5 5600 போட்டால் பிரச்சினை தீருமா?

மறுமொழி 1

செட்டிங்கை இறக்கியும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் கிராபிக்ஸ் கார்டு திணறவில்லை, வேறு ஏதோ அதைக் காக்க வைக்கிறது என்று அர்த்தம். அது ப்ராசசராகவும் இருக்கலாம், ரேமாகவும் இருக்கலாம். வாங்குவதற்கு முன் இதைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, ஆட்டம் திணறும் அதே இடத்தில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 95-க்கு மேல் இருந்தால் கார்டுதான் எல்லை. குறைவாக இருந்தால் கார்டு சும்மா இருக்கிறது. சிபியுவின் (ப்ராசசரின்) மொத்த சதவீதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2600-ல் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) இருக்கிறது. அதில் ஒன்றிரண்டு மட்டும் முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்தக் கணக்கு 50% என்றுதான் காட்டும்.

அப்புறம் சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்தில் சேனல், ஃப்ரீக்வென்சி இரண்டையும் சொல்லுங்கள். ரேம் எந்த ஸ்லாட்களில் இருக்கிறது என்பதும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. திணறும் நேரத்தில் ஜிபியு 60% பக்கத்தில்தான் நிற்கிறது. சிபியு வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை. சிபியு-இசட்டில் சேனல் சிங்கிள், ஃப்ரீக்வென்சி 1066. ரேம் இரண்டும் ப்ராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் இரண்டு ஸ்லாட்களில் அடுத்தடுத்து இருக்கின்றன.

மறுமொழி 1

பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது தம்பி. 1066-ஐ இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ 2133. 3200 ரேம் வாங்கியும் அது 2133-ல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்தடுத்த ஸ்லாட்கள் ஒரே சேனலைச் சேர்ந்தவை என்பதால் டூயல் சேனலும் (இரண்டு ரேமும் தனித்தனி வழியில் ஒரே நேரத்தில் வேலை செய்வது) கிடைக்கவில்லை.

உங்கள் ப்ராசசருக்கு இது கூடுதல் அடி. 2600-க்குள் ஆறு கோர்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு கூட்டமாக இருக்கும். ஒரு கூட்டம் இன்னொன்றோடு பேச இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு வேண்டும். இந்தத் தலைமுறையில் அந்த இணைப்பின் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ரேம் மெதுவானால் ப்ராசசரின் உள்பேச்சும் மெதுவாகும்.

ரேமை இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அட்டைப்பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட வைக்கும் வசதியை, ஆன் செய்யுங்கள். சில போர்டுகளில் டிஓசிபி அல்லது ஏ-எக்ஸ்எம்பி என்று இருக்கும். 2600-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது 2933 வரைதான். 3200-ல் ஹேங் ஆனால் 2933-க்கு இறக்குங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

மறுமொழி 2

இதே போர்டில் 5600 போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏஎம்4-ல் (உங்கள் போர்டின் ப்ராசசர் சாக்கெட் வகை) இனிமேல் காசு போடுவது வீண். இன்று 5600 வாங்கினால் அடுத்த முறை போர்டோடு அதையும் கழற்றத்தான் வேண்டும். கொஞ்ச காலம் பொறுத்து, பணம் சேர்த்து அதற்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போவதே மேல்.

மறுமொழி 1

புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு நானும் ஏஎம்5-தான் சொல்வேன். ஆனால் இவரிடம் போர்டும் ரேமும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஏஎம்5 டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும், அதனால் இந்த ரேம் அங்கே உதவாது. மூன்று பொருள் வாங்கியும் கடைசியில் ஆர்எக்ஸ் 6600 எவ்வளவு தருமோ அவ்வளவுதான் வரும். அந்தக் கார்டை முழுதாக வேலை வாங்க 5600 போதும்.

கேள்வி கேட்டவர்

ஸ்லாட் மாற்றி, எக்ஸ்எம்பி போட்டேன். 3200-லேயே நிலையாக ஓடுகிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் சண்டை நேரத்தில் 85-க்குக் கீழே போகவில்லை. ஒரு ரூபாய் செலவில்லாமல் இவ்வளவு மாறும் என்று எதிர்பார்க்கவில்லை! சைபர்பங்க்கில் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்ததும் தெருக்களும் பரவாயில்லை. ஆனால் புகைக்குள் இன்னும் லேசாக வெட்டுகிறது, ஜிபியு 75%-ல் நிற்கிறது. அப்படியானால் 5600 வாங்கலாம்தானே?

மறுமொழி 3

வாங்கலாம். இப்போது மீதமிருப்பது உண்மையிலேயே ப்ராசசரின் எல்லைதான். 5600-ல் ஆறு கோரும் ஒரே கூட்டமாக இருந்து 32 எம்பி எல்3 கேஷ் என்ற, ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதுவும் 65 வாட்தான், எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டாம். கூலரும் கூடவே வரும். 5700எக்ஸ்3டி-யில் கேஷ் 96 எம்பி. கவுண்டர்-ஸ்ட்ரைக்கே உயிர் என்றால் அது இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் இந்தக் கார்டுக்கு அவ்வளவு விலை தேவையில்லை என்பது என் கருத்து.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 5500, 5600ஜி இரண்டிலும் எல்3 16 எம்பிதான், விலை குறைவு என்று எடுத்துவிட வேண்டாம்.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே, போர்டு நிறுவனத்தின் பட்டியலில் 5600-க்கு எந்த பயாஸ் என்று பார்த்து அப்டேட் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) ஆன் ஆகி இருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலிலேயே எழுதி வையுங்கள், ப்ராசசர் மாறினால் எஃப்டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) அழிந்து அந்தச் சாவியைக் கேட்கும். பயாஸ் அப்டேட் முடிந்ததும் எக்ஸ்எம்பி பழையபடி ஆஃப் ஆகியிருக்கும், மறுபடி போட வேண்டும்.

கூலரைக் கழற்றுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏஎம்4-ல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், லாக் போட்டபடியே ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளைந்துவிடும். கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்குங்கள். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, தளர்ந்த பிறகு தூக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

5600 போட்டாயிற்று. திருகிக் கழற்றியதால் 2600-ல் ஒரு பின்கூட வளையவில்லை. புகைக்குள் இப்போது 110-க்கு மேல், ஜிபியு 95% தொடுகிறது. இரண்டு அண்ணன்களுக்கும் மனமார்ந்த நன்றி. பழைய 2600-ஐ விற்க முடியுமா?

மறுமொழி 3

தாராளமாக. 2600 விண்டோஸ் 11-க்கும் தகுதியானது, முதல் தலைமுறை ரைசன்களுக்கு அது இல்லை. விற்கும்போது இதைச் சொல்லுங்கள். 5600 வந்த பிளாஸ்டிக் உறையிலேயே பின் அழுந்தாமல் வைத்துக் கொடுங்கள்.