டிரேசபிலிட்டி: தடமறிதலா, தடப்பேணலா?

மடல் 1

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் மாடு வைத்திருப்போரின் கடமைகள் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். வெளிநாட்டிலிருந்து இறக்கிய மாடுகளுக்கு உடையவர் எதைப் பதிய வேண்டும், எதை யாரிடம் எப்போது சொல்ல வேண்டும் என்பதுதான் அதில் பெரும்பகுதி. பல சொற்கள் நம்மிடம் முன்பே இருக்கின்றன. காதில் குத்துவது காதுவில்லை. எஃப்எம்டி என்றால் கோமாரி. மாடு எங்கே பிறந்தது, எங்கெங்கே போனது என்று பின்னால் தேடிக் கண்டுபிடிக்க முடிவதைச் சொல்லும் ‘டிரேசபிலிட்டி’ மட்டும் இடறுகிறது. தடமறிதன்மை, பின்தொடர்தன்மை, சுவடறிதல் என்று மூன்றை எழுதிப் பார்த்தேன். பின்வரும் வாக்கியத்தில் எது பொருந்தும்?

“இறக்குமதி மாட்டின் உடையவர் அதன் வாழ்நாள் ______ குலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.”

மடல் 2

வணக்கம். சொல்லைத் தேடுமுன் அந்த நாட்டில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவம் பார்ப்பவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

மாடு நிற்கும் ஒவ்வொரு நிலத்துக்கும் 8 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. ஒரே ஒரு பசு வைத்திருந்தாலும் அது வேண்டும். அந்த எண் ஆளுக்கு உரியதன்று, நிலத்துக்கு உரியது. மாட்டின் வலக்காதில் மின்னணு வில்லை. பிறந்த பண்ணையில் குத்துவது வெள்ளை. வில்லை இல்லாமல் வேறிடம் வந்த பிறகு குத்துவது ஆரஞ்சு. மாடு ஒரு நிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால், பெரும்பாலான மாநிலங்களில் 2 நாளுக்குள் தேசியத் தரவுத்தளத்தில் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும். பண்ணையிலிருந்து பண்ணைக்குப் போகும்போது பதிய வேண்டியவர் வாங்கியவர், விற்றவர் அல்லர். பிழை அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். “சந்தையில் பதிந்திருப்பார்கள்” என்று வாங்கியவர் இருந்துவிடுவார். சந்தை வழி வந்த மாட்டைச் சந்தைக்காரர் பதிவார், உண்மை. ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் நேரில் வாங்கியதையும், சொந்தக்காரர் நிலத்துக்கு மேய்ச்சலுக்கு அனுப்பியதையும் வேறு யாரும் பதியமாட்டார்கள்.

இரண்டாவது பிழை, செத்த மாட்டைக் கணக்கிலிருந்து எடுக்காமல் விடுவது. தொழுவில் 40 உருப்படி நிற்க, ஏட்டில் 47 இருக்கும். நோய் வந்து அதிகாரி தேடும்போது அந்த 7 மாடுகளும் விற்றுப்போனவையா, மண்ணில் கிடப்பவையா என்று தெரியாமல் நாள்கள் வீணாகும்.

இறக்குமதி மாடுகளுக்கு இதற்கு மேலும் ஒரு கட்டு இருக்கிறது. மாட்டின் மூளையைச் சிதைப்பதும் செய்தித்தாள்கள் ‘மேட் கவ்’ என்று எழுதியதுமான பிஎஸ்இ நோய் பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியா பிரிட்டன் மாடுகளை 1988இல் நிறுத்தியது. ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்து வருவதை 1991இலும், ஜப்பானிலிருந்து வருவதை 2001இலும், கனடா, அமெரிக்காவிலிருந்து வருவதை 2003இலும் நிறுத்தியது. அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்ட மாடுகளை என்ன செய்வது? அவற்றை ஆயுள் முழுவதும் கண்காணிப்பில் வைத்தார்கள். அவற்றின் இறைச்சி மனிதர் உணவிலும் சேரக்கூடாது, தீவனத்திலும் சேரக்கூடாது. செத்தால் உடையவர் தாமாகப் புதைத்துவிட்டு அப்புறம் சொல்வது கூடாது, முதலில் தகவல் சொல்ல வேண்டும். காரணம், நோயைப் பார்ப்பது மூளைத்தண்டுத் திசுவில். கோடை வெயிலில் இரண்டு நாள் கிடந்த தலையில் அந்தத் திசு கூழாகிவிடும். தகவல் பிந்தினால் சோதனைக்கு நல்ல மாதிரி கிடைக்காது.

கோமாரி 2 முதல் 14 நாளுக்குள் வெளிப்படும், அங்கே மணிக்கணக்கில் ஓட வேண்டும். பிஎஸ்இ வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டு ஆகும், அங்கே ஏடு அத்தனை காலமும் நிலைக்க வேண்டும். நாம் எடுக்கும் சொல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும்.

மடல் 3

மருத்துவர் ஐயாவின் மடலுக்கு நன்றி. அதைப் படித்ததும் குழப்பம் எங்கே என்று தெளிவாகிறது. ஆங்கிலச் சொல் ஒன்றுக்குள் இரண்டு ஆள் இருக்கிறார்கள். நோய் வந்தபின் தேடிப் போகிறவர் அதிகாரி. தேடினால் கிடைக்கும்படி முன்னரே வைத்திருக்க வேண்டியவர் உடையவர். ‘தடமறிதன்மை’ என்றால் அது மாட்டின் இயல்பு போல ஒலிக்கிறது, யாருடைய வேலை என்பது மறைந்துபோகிறது. ‘பின்தொடர்தன்மை’யில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து போவது போன்ற பொருள் வந்துவிடுகிறது. ‘சுவடு’ ஓலைச்சுவடியை நினைவூட்டுகிறது, அதை விட்டுவிடலாம்.

என் முன்மொழிவு: அதிகாரியின் வேலைக்குத் தடங்காணல், உடையவரின் கடமைக்குத் தடப்பேணல். தடம் என்னும் சொல் மாட்டோடு ஒட்டிப் பிறந்தது. மாடு காணாமல் போனால் ஊரில் இன்றும் தடம் பார்த்துத்தான் போகிறார்கள். மகர ஈறு கெட்டுப் பகரம் மிக்குத் தடப்பேணல் ஆகிறது, இலக்கணத்தில் இடறல் இல்லை. வினையாக்கவும் எளிது: தடம் பேணினார், தடம் பேணவில்லை. ஏட்டுக்குத் தடப்பதிவேடு. மாடு இனிப் போகும் வழி, அது வந்த வழி என்னும் இருதிசைத் தேடலுக்கு முன்தடம், பின்தடம்.

மடல் 4

தடப்பேணல் எனக்கு நிறைவாக இருக்கிறது. முன்தடம், பின்தடம் இரண்டையும் மட்டும் ஏற்க முடியவில்லை. ‘முன்’ என்றால் தமிழில் எதிரே இருப்பதும் முன், கடந்து போனதும் முன். “முன்தடத்தைப் பதிக” என்று படிப்பவர், மாடு முன்பு எங்கிருந்தது என்று எழுதிவிடுவார். நாம் கேட்டது அது இனி எங்கே போகிறது என்பது. நோய்த் தடுப்பில் இந்த இரண்டும் இடம் மாறினால் ஆபத்து. வந்த வழி நோயின் மூலத்தைக் காட்டும், போன வழி நோய் எங்கெல்லாம் பரவியிருக்கும் என்று காட்டும். நியூசிலாந்தில் 2017இல் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்னும் பாக்டீரியா நோய் மாடுகளில் தெரியவந்தபோது, மாடு மாறிய பதிவுகள் பல பண்ணைகளில் அரைகுறையாக இருந்ததால் இரு திசையிலும் தேடல் தடுமாறியது. அடுத்த ஆண்டு அந்த நாடு நோயை முற்றாக ஒழிக்க முடிவெடுத்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்று கழித்தது.

ஆகவே வந்த தடம், போன தடம் என்று நேராகவே வைத்துக்கொள்வோமே. படிக்காத பெரியவரும் ஒரு தடவை கேட்டால் போதும்.

இன்னொன்று, இந்தச் சொல்லின் எதிர்மறை. பண்ணையில் வில்லை கழன்று விழுவது அன்றாடம் நடப்பது, கம்பி வேலியில் மாட்டிக் காதே கிழியும். பழைய வில்லையின் எண் தெரிந்தால், புதிய எண்ணைத் தரவுத்தளத்தில் அதோடு இணைக்கலாம், தடம் தொடரும். பழைய எண் தெரியாமல் ஆரஞ்சு வில்லையை மட்டும் குத்தினால், அன்று முதல்தான் அந்த மாட்டுக்குக் கதை, பிறப்பு வரை போக முடியாது. இதற்குக் கையேட்டில் தடம் அறுந்த மாடு என்று எழுதுங்கள். பேணல் என்று ஒரு பக்கம் வைத்தால் அறுதல் என்று மறுபக்கம் தானே வந்து நிற்கிறது. ‘தடமறிதன்மையற்ற’ என்று எழுதினால் யாருக்கும் பதைக்காது. தடம் அறுந்தது என்றால் மாட்டுக்காரருக்குப் பதைக்கும், பதைக்கவும் வேண்டும்.

மடல் 5

மூவரின் கருத்தும் ஒன்றாகிவிட்டது, மகிழ்ச்சி. ஒரு சிறு ஐயம். இந்த இறக்குமதி மாடுகளின் ஆயுள் கண்காணிப்பை ‘வாழ்நாள் தனிமைப்படுத்தல்’ என்று வரைவில் எழுதியிருந்தேன். சரியா?

மடல் 6

சரியன்று. தனிமைப்படுத்தல் என்று படித்தால் தனிக் கொட்டகை, தனித் தண்ணீர்த் தொட்டி என்று நினைப்பார்கள். பிஎஸ்இ மாட்டுக்கு மாடு ஒட்டுவதில்லை, நோய்கண்ட விலங்கின் எலும்பும் இறைச்சியும் அரைத்த தீவனம் வழி பரவுவது. இங்கே தடுப்பது மாட்டின் உடல் உணவுச் சங்கிலிக்குள் போவதைத்தான். வாழ்நாள் கட்டுக்காவல் என்று எழுதுங்கள். தனிமைப்படுத்தல் என்னும் சொல்லைக் கோமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதுதான் வேலை.

மடல் 7

மாற்றிவிட்டேன். பதிவேட்டுப் பக்கத்தின் தலைப்புகள் இப்போது இப்படி நிற்கின்றன: காதுவில்லை எண், பழைய வில்லை எண் (மாற்றியிருந்தால்), இறக்குமதியான நாடு, வந்த தடம், நாளும் நில எண்ணும், போன தடம், நாளும் நில எண்ணும், இறந்த நாள், தகவல் சொன்ன நேரம். கடைசிக் கட்டத்தில் நாளோடு நேரத்தையும் கேட்டிருப்பது மூளைத்தண்டு மாதிரி கெடுவது பற்றி மருத்துவர் ஐயா எழுதியதை வைத்துத்தான். விளக்க வாக்கியம்:

“இறக்குமதி மாட்டின் உடையவர் அதன் வாழ்நாள் தடப்பேணலுக்குப் பொறுப்பானவர். வில்லை விழுந்த அன்றே பழைய எண்ணைத் தேடி எடுத்துப் புதிய எண்ணோடு இணைக்க வேண்டும். மாடு இறந்தால், உடலை அப்புறப்படுத்துமுன் தகவல் சொல்ல வேண்டும்.”

இதில் ‘உடையவர்’ என்பதை மட்டும் இன்னும் யோசிக்கிறேன். மாட்டைப் பங்குக்கு (வாரத்துக்கு) விட்டவர் ஓரிடத்தில் இருப்பார், மேய்ப்பவர் வேறிடத்தில் இருப்பார். மாடு விழுந்ததை முதலில் பார்ப்பவர் மேய்ப்பவர்தான். “உடையவர் அல்லது பொறுப்பில் வைத்திருப்பவர்” என்று எழுதுவதில் யாருக்காவது மறுப்பு உண்டா?