செல் கவுண்ட் புரோகிராம்ல மாட்டிக்கிட்டேன், யாராச்சும் உதவுங்க

மக்களே வணக்கம், ஃபைனல் இயர் புராஜெக்ட், கம்மி செலவுல ரத்த செல் எண்ற மெஷின். காலேஜ் லேப்ல சும்மா கிடந்த பழைய மைக்ரோஸ்கோப், ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு கடை ஏறி இறங்கி பேரம் பேசி வாங்கின ராஸ்பெரி பை (கையடக்க குட்டி கம்ப்யூட்டர் போர்டு), ஒரு கேமரா, படத்த அலசுற ஓபன் சிவி சாஃப்ட்வேர், அவ்ளோதான் செட்டப்பு.

நியூபாவர் சேம்பர்ல (செல் எண்றதுக்கு கட்டம் போட்ட கண்ணாடி ஸ்லைடு) ரத்தத்த 200 மடங்கு டைல்யூட் பண்ணி 5 கட்டத்துல நான் கையால எண்ணுனா 412 சிவப்பணு, அதாவது 10,000ஆல பெருக்குனா மைக்ரோலிட்டருக்கு 41.2 லட்சம். அதே படத்துக்கு புரோகிராம் 297ங்குது 😩

பிரச்சனை எங்கன்னா, சிவப்பணு நடுவுல வெளுத்து இருக்கும்ல, ஓட்சு த்ரெஷோல்ட் (படத்த கருப்பு வெள்ளையா தானா பிரிக்கறது) போட்டதும் மெதுவடை மாதிரி ஓட்டையோட வருது, ஓட்டைய அடைக்காம வாட்டர்ஷெட் (ஒட்டிக்கிட்டிருக்கற செல்ல தனித்தனியா பிரிக்கற முறை) போட்டா ஒரே செல் மூணா உடையுது, அடைச்சா ஒட்டிக்கிட்டிருக்கற நாலஞ்சு செல்லுக்கு நடுவுல இருக்கற சந்தும் சேந்து அடைபட்டு மொத்தமா ஒரே மொத்தையா ஆயிடுது. சேம்பர் கோடு வேற நடுவுல வந்து உயிர வாங்குது.

சைஸ் பாத்து சின்ன ஓட்டைய மட்டும் அடைக்கறதா, இல்ல படத்துல வட்டத்த தேடிக் கண்டுபிடிக்கற ஹஃப் சர்க்கிளுக்கு மாறிடவா? இத செஞ்சு பாத்தவங்க இருந்தா சொல்லுங்கண்ணா, அக்கா. டீப் லேர்னிங் போடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த குட்டி போர்டு தாங்காது. திங்கக்கிழமை ரிவ்யூ.