[கலைச்சொல்] ‘இண்டி’ இசைக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தே.மொ., சென்னை:

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க இசை பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஓர் அத்தியாயத்தில் வண்டி நின்றுவிட்டது. அதிகம் அறியப்படாத இண்டி (‘இண்டிபென்டன்ட்’ என்பதன் சுருக்கம்) பாடகர்களை எப்படித் தேடிக் கேட்பது என்பதுதான் அதன் பொருள். அமெரிக்கானா (அமெரிக்க நாட்டுப்புற, கன்ட்ரி மரபில் வந்த இசை), பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக்), ராக் என்று மூன்றும் கலந்து வருகின்றன. நாளிதழ்கள் ‘சுயாதீன இசை’ என்று எழுதுகின்றன. அதையே போட்டுவிடலாமா?

துணைச் சிக்கல் இரண்டு. ‘பங்க் இசை’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் பெட்ரோல் பங்க்கில் போடும் பாட்டா என்று கேட்டுவிட்டார். ‘அமெரிக்கானா’வை என் தங்கை, “அமெரிக்கான்னா என்ன, பெரிய இவனுங்களா?” என்று வாசிக்கிறாள். வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

—

தா.கு., மயிலாடுதுறை:

அம்மா தே.மொ. அவர்களுக்கு,

சுயாதீனம் வேண்டவே வேண்டாம். எங்கள் ஊரில் ஆதீனம் என்றால் மடம். சுயாதீனப் பாடகர் என்றால் தமக்கென்று தனி மடம் வைத்துக்கொண்டவர் என்றே இங்குள்ளோர் கொள்வர். சுயேச்சை என்றும் யாரேனும் சொல்ல வருவீர்கள். வந்தால் ‘சுயேட்சை’ என்று எழுதாமல் வாருங்கள்.

நல்ல தமிழ்ச் சொல் ஒன்று ஈராயிரம் ஆண்டாகக் காத்துக் கிடக்கிறது. இறையனார் களவியலுரை கடைச்சங்கத்தார் பாடியவற்றை அடுக்கும்போது கூத்து, வரி என்று சொல்லி, அடுத்து ‘சிற்றிசை, பேரிசை’ என்கிறது. இரண்டு நூலும் நமக்குக் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெருநிறுவனத்தார் வெளியிடுவது பேரிசை, மற்றது சிற்றிசை. சிறுபத்திரிகையைச் சிற்றிதழ் என்று நாம் ஏற்கவில்லையா?

‘பங்க்’ குறித்து. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு உளுத்த கட்டை, தீமூட்ட உதவும் மக்கிய மரம் என்றொரு பழம்பொருள் உண்டு. நம் புங்கமரத்துக்குச் சங்கப் பெயர் புன்கு. ‘நனைமுதிர் புன்கின் பூத்தாழ் வெண்மணல்’ என்பது குறுந்தொகை. புன்மை, புன்செய், புல்லியர் எல்லாம் புல் என்னும் வேரில் கிளைத்தவை. இழிந்தது, மட்டமானது என்ற கருத்து இரண்டு மொழியிலும் ஒத்துவருவதைக் கவனியுங்கள். எனவே ‘புன்கிசை’ என்று

(கைபேசியில் எழுதுவதால் பாதியில் போய்விட்டது. மாலையில் தொடர்வேன்.)

—

அ.ரா., பெங்களூரு:

ஐயா, மாலையில் தொடர வேண்டாம், ப்ளீஸ். புங்க எண்ணெய் வாடை வருது.

> சிற்றிசை, பேரிசை

இது அழகா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இண்டிங்கறது அளவு பத்தின சொல் இல்லை, யார் கையில சாவி இருக்குங்கறது பத்தின சொல். 2011இல் ஆர்க்கேட் ஃபயர் குழுவுக்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைச்சது. வெளியிட்டது வட கரோலினாவில் இருக்கும் மெர்ஜ். அந்த நிறுவனத்தை 1989இல் ஆரம்பிச்சதே ஒரு இசைக்குழுவைச் சேர்ந்த ரெண்டு பேர். கிராமி மேடை ஏறினதைச் சிற்றிசைன்னு சொன்னா சிரிப்பாங்க.

தலைகீழாவும் உண்டு. டெட்ராய்ட்டில் மூணு கறுப்பினச் சகோதரர்கள், ஹேக்னி குடும்பம். 1975இல், பங்க்னு பேர் பரவுறதுக்கு முன்னாடியே, அதே வேகத்தில் பாடிப் பதிவு பண்ணாங்க. குழுவோட பேர் டெத், அதாவது சாவு. பணம் போட வந்த பெரிய நிறுவனத் தலைவர் பேரை மாத்துன்னார். மூத்தவர் டேவிட் முடியாதுன்னுட்டார். பணம் நின்னுடுச்சு. பதிவு பண்ணதில் ரெண்டு பாட்டை மட்டும் 1976இல் தாங்களே 500 இசைத்தட்டு அடிச்சாங்க, யாரும் சீந்தலை. 2009இல் சிகாகோவின் டிராக் சிட்டி நிறுவனம் மிச்சத்தையும் வெளியிட்டப்புறம்தான் உலகத்துக்குத் தெரிஞ்சது. டேவிட் 2000லயே இறந்துட்டார். அவர் ‘அதிகம் அறியப்படாதவர்’ ஆனதுக்குக் காரணமே சாவியை விட்டுக்கொடுக்காததுதான். அக்கா, உங்க அத்தியாயத்தில் ‘அறியப்படாத’, ‘இண்டி’ ரெண்டும் வேற வேற. ஒரே சொல்லில் அடக்காதீங்க.

என் ஓட்டு: தற்சார்பு இசை.

—

சி.நே., ரொறன்ரோ:

வணக்கம்.

சுயாதீனத்தில என்ன பிழை எண்டு எனக்கு விளங்கேல்லை. இலங்கையில சுயாதீன ஆணைக்குழு, சுயாதீனத் தொலைக்காட்சி எண்டுதான் பிறந்ததில இருந்து வாசிக்கிறம். ஒருத்தருக்கும் மடம் ஞாபகம் வாறதில்லை. தா.கு. ஐயா மயிலாடுதுறையில இருந்து வெளியால வர வேணும் (கோவிக்காதேங்கோ).

தம்பி சொன்ன ஆர்க்கேட் ஃபயர் எங்கட கனடாக் குழு, மொன்றியல்காரர். அதையும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம்.

தற்சார்பு எண்டால் எனக்குத் தோட்டம் செய்யிற ஆக்கள்தான் நினைவுக்கு வருகினம். பசளை, விதை, தற்சார்பு வேளாண்மை.

—

தே.மொ., சென்னை:

அ.ரா., நீங்கள் சொன்ன வேறுபாடு மூலத்திலேயே குழம்பியிருக்கிறது. அதிலேயே எலிசபெத் காட்டன் என்ற நாட்டுப்புறப் பாடகி வருகிறார். இடக்கைப் பழக்கம். வலக்கைக்காரருக்கான கிதாரை நரம்பு மாற்றாமல் திருப்பிப் பிடித்து, கனத்த நரம்புகளை விரலாலும் மெல்லிய நரம்புகளைக் கட்டைவிரலாலும் மீட்டினார். சிறுமியாகப் பாட்டுக் கட்டியவர், பிறகு பல்லாண்டு கிதாரைத் தொடவே இல்லை. நாட்டுப்புற இசைக்குப் பேர்போன சீகர் குடும்பத்தில் வீட்டுவேலை பார்த்தபோது, சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து வாசித்ததைக் கேட்டுத்தான் வெளியே தெரிந்தார். முதல் ஆல்பம் 1958இல், ஃபோக்வேஸ் என்ற சிறு நிறுவனத்தில். கிராமி 1985இல் கிடைத்தபோது வயது தொண்ணூறைத் தொட்டிருந்தது.

இவரை இண்டி என்பதா? எந்தப் பெருநிறுவனத்தையும் அவர் மறுக்கவில்லை. யாரும் அவரைக் கேட்கவுமில்லை. ‘சுயாதீன’ என்று எழுதினால் அவர் எடுக்காத ஒரு முடிவை அவர் தலையில் கட்டுகிறேனோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் இப்போது சுயாதீன இசை என்றால் சினிமா அல்லாத பாட்டு என்றே பொருளாகிவிட்டது. பெரிய நிறுவனமே பணம் போட்டு எடுத்தாலும், படத்தில் இல்லையென்றால் இண்டி. அமெரிக்காவில் எதிர்ப்பக்கம் நிற்பது படம் இல்லை. யூனிவர்சல், சோனி, வார்னர் மூன்று பேர். நம் வாசகர், “ஓ, படத்துக்குப் பாடாதவர்” என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

—

தா.கு., மயிலாடுதுறை:

தே.மொ. அம்மாவின் கடைசிப் பத்தியே சுயாதீனத்துக்கு எதிரான வலுவான வாதம். என் மடத்து வாதத்தைவிட வலுவானது என்பதை ஒப்புகிறேன், பின்வாங்கவில்லை.

அத்தியாயத் தலைப்புக்கு ஒன்று சொல்கிறேன். அறியாத பாடகரைத் தேடிச் செல்லுதற்கு நம்மிடம் ஓர் இலக்கிய வகையே உண்டு: ஆற்றுப்படை. சீறியாழ்ப் பாணனை ஆற்றுப்படுத்துவது சிறுபாண், பேரியாழ்ப் பாணனை ஆற்றுப்படுத்துவது பெரும்பாண். இங்கும் சிறிது, பெரிது என்ற பகுப்பு யாழின் அளவால் வந்ததேயன்றிப் பாணனின் தகுதியால் வந்ததன்று. சிற்றிசைக்கு இதனினும் சான்று வேண்டுமா? தலைப்பு: ‘சிற்றிசை ஆற்றுப்படை’.

—

அ.ரா., பெங்களூரு:

ஐயா, ஆற்றுப்படையில் பரிசு வாங்கின பாணன் எதிரே வர்ற பாணனுக்கு வள்ளல் வீட்டுக்கு வழி சொல்றான். இங்கே கேட்பவனுக்குப் பாணன் வீட்டுக்கு வழி சொல்லணும். திசை மாறிப்போச்சு. சிறுபாணாற்றுப்படையின் வள்ளல் நல்லியக்கோடனைத் தேடிப் போறவங்கதான் பெரிய நிறுவனத்தில் கையெழுத்துப் போடறவங்க!

(ஆனா ஒரு குழு இன்னொரு குழுவுக்கு வழி சொல்றது நிஜமாவே உண்டு. தட்டோட பின்னட்டையில் நன்றிப் பட்டியல் போடுவாங்க. அதில் இருக்கும் பேரைப் பிடிச்சு அடுத்த தட்டை வாங்குவோம். கச்சேரியில் முதலில் வாசிக்கிற குழுவுக்காகச் சீக்கிரமே போய் நிற்போம். இப்ப பாடறவங்களே நேரா பாட்டு விற்கிற பேண்ட்கேம்ப் இணையதளத்தில் ஊர்ப்பேரைப் போட்டுத் தேடலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கறது 15 சதவீதம்; கட்டணம் போக மிச்சம் பாடினவருக்கு.)

தற்சார்பை ஏன் விடமாட்டேங்கறேன்னா, வாஷிங்டனின் டிஸ்கார்ட்ங்கற இசை வெளியீட்டகத்தோட கதை. 1980இல் டீன் ஐடில்ஸ் குழு கலையுது. கச்சேரியில் சேர்ந்த காசைப் பங்கு போட்டுக்காம ஒரு தட்டு போடலாம்னு முடிவு. உறை எப்படிச் செய்யறதுன்னு தெரியாது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு ஏழு அங்குலத் தட்டோட உறையைப் பசை விட்டுப் பிரிச்சு விரிச்சு, ஓரத்தைப் பென்சிலால் வரைஞ்சு, அதை அச்சுக்குக் கொடுத்தாங்க. வந்த தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி, மடிச்சு, ஒட்டினாங்க. அந்தக் குழுவில் இருந்த இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் அடுத்தடுத்த தட்டுக்கும் நண்பர்களைச் சேர்த்துக்கிட்டு இதையே செஞ்சாங்க. இதைச் சுயாதீனம்னு சொன்னா ஏதோ சட்டப்பிரிவு மாதிரி இருக்கு. கையில் பசை ஒட்டலை.

—

வெ.கீ., கோவை:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு தகவல். பிரிட்டனில் 1980 சனவரியில் இண்டிப் பாடல்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் வந்தது. அதில் சேரத் தகுதி என்ன தெரியுமா? பெருநிறுவனங்களின் வினியோக வழியில் போகாத தட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லாரி யாருடையது என்பதே கேள்வி. பிறகுதான் அது ஒரு பாணியின் பெயராக மாறிப்போனது.

அமெரிக்கானாவும் அப்படியே. 1995இல் ஒரு வானொலித் தொழில் இதழ் அந்தப் பெயரில் பட்டியல் தொடங்கியது. 1999இல் நாஷ்வில்லில் சங்கம் வைத்தார்கள். கிராமியில் தனிப் பரிசு 2010இல், முதலில் பெற்றவர் லெவன் ஹெல்ம். வேர், மண் என்றெல்லாம் சொன்னாலும் பெயர் பிறந்த இடம் வானொலி அலுவலகம். ஆகவே ‘வேரிசை’ என்று மொழிபெயர்த்து யாரேனும் கண்ணீர் விடுவதற்கு முன் சொல்லிவைக்கிறேன்.

—

தே.மொ., சென்னை:

வெ.கீ. ஐயா, ‘வேரிசை’ என்று நேற்றிரவுதான் எழுதினேன். காலையில் அழித்துவிட்டேன்.

பங்க்கும் அமெரிக்கானாவும் ஏன் ஒரே அத்தியாயத்தில் என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். பங்க்கின் கோயில் என்று சொல்லப்படும் நியூயார்க் சிபிஜிபி அரங்கின் பெயரே கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற மூன்று பழைய அமெரிக்க இசை வகைகளின் சுருக்கம்; 1973இல் ஹில்லி கிறிஸ்டல் அந்த இசைக்குத்தான் கடை திறந்தார், வந்து சேர்ந்தவர்கள் வேறு. இல்லினாயின் பெல்வில்லில் அங்கிள் டுபெலோ குழுவினர் பங்க் கேட்டு வளர்ந்த பையன்கள். 1990இல் அவர்கள் கன்ட்ரி முன்னோடிகளான கார்ட்டர் குடும்பம் பாடிய பழைய பாட்டை எடுத்துப் பாடினார்கள். 1994இல் சிகாகோவில் தொடங்கிய பிளட்ஷாட் நிறுவனம், தான் வெளியிடுவதைக் கிளர்ச்சிக் கன்ட்ரி என்றே விளம்பரம் செய்தது. சண்டைக்காரர்கள் போலத் தெரிந்தாலும் உறவுக்காரர்கள்.

—

சி.நே., ரொறன்ரோ:

ஜோன் பிரைனை மறந்திட்டியள். தபால்காரரா இருந்து பாடகராகி, பெரிய கொம்பனிகளை விட்டிட்டு 1981இல ஓ பாய் எண்ட சொந்த வெளியீட்டகம் துவங்கினவர். அவரை ‘அறியப்படாதவர்’ எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. சுயாதீனம் எண்டால் அச்சொட்டாப் பொருந்தும். பாட்டும் அவரின்ர, கடையும் அவரின்ர.

—

மட்டுறுத்துநர்:

நண்பர்களே, நாளை வெள்ளி. வந்த மடல்களை எண்ணிப் பார்த்ததில் சுயாதீனத்துக்குக் கை கூடுதல். பாதி கைகள் சோர்ந்துபோய்த் தூக்கியவை என்பது மடல் வந்த நேரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தற்சார்பு அடுத்தது. சிற்றிசைக்கு ஐயாவும் அவருடைய பழைய மாணவர் ஒருவரும். முடிவு மொழிபெயர்ப்பாளருடையது. பங்க்குக்கு வந்த ‘கலக இசை’, ‘காலி இசை’, ‘புன்கிசை’ ஆகியவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

—

தே.மொ., சென்னை:

அனுப்பிவிட்டேன். பொதுவாக ‘சுயாதீன’, முதல் முறை வரும்போது ‘பெருநிறுவனங்களைச் சாராத’ என்று ஒரு விளக்கம், சினிமாக் குழப்பம் வராதிருக்க. டிஸ்கார்ட் பத்தியில் மட்டும் ‘தற்சார்பு’. காட்டன் அம்மையாருக்கு எந்த அடைமொழியும் போடவில்லை. பங்க், அமெரிக்கானா, ராக் மூன்றும் அப்படியே ஒலிபெயர்ப்பில். தங்கை இன்னும் சிரிக்கிறாள்.

—

சி.நே., ரொறன்ரோ:

‘றொக்’ எண்டு போட்டிருக்கலாம்.

—

தா.கு., மயிலாடுதுறை:

என் மாறுபட்ட கருத்தைக் குழுவின் ஆவணத்தில் பதிந்துகொள்க: சிற்றிசை.

அம்மா இணைத்த படியில் ‘சுயாதீன பாடகர்’ என்று நான்கு இடத்தில் கண்டேன். மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும் என்பது நன்னூல். சுயாதீனப் பாடகர் என்று வலி மிக வேண்டும். எனக்கு உவப்பில்லாத சொல்தான். போகிறது, ஒற்றோடாவது போகட்டும்.