மியோ பாலம்: தூண்கள் ஏன் மேலே இரண்டாகப் பிரிகின்றன?

மலைப்பாதை:
பிரான்சில் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடக்கும் மியோ பாலத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்கள் அடியிலிருந்து ஒன்றாக வந்து உச்சிக்கு முன்னால் இரண்டாகப் பிளக்கின்றன. அழகுக்கா, வேறு காரணமா? அப்புறம், 245 மீட்டர் உயரத் தூண் மேல் சாலையை எப்படி ஏற்றினார்கள்?

எஃகுமணி:
அழகுக்கு மட்டும் இல்லைங்க. சாலைத் தளம் முழுக்க எஃகு, 2,460 மீட்டர் நீளம், வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், அந்த இழுப்பு கரையோரத் தூண்களைத்தான் அதிகம் ஆட்டும். அதனால் கடைசி 90 மீட்டரை இரண்டு மெல்லிய கால்களாகப் பிரித்தார்கள், வளைந்து கொடுக்கும், அதே சமயம் காற்றையும் தாங்கும்.

சிவில் செல்வி:
ஏற்றவில்லை, கரையிலிருந்து நீளவாக்கில் தள்ளினார்கள்! இரு கரைகளிலும் துண்டுகளைப் பற்றவைத்து, தூண்களுக்கு நடுவே தற்காலிக இரும்புக் கோபுரங்கள் நிறுத்தி, ஹைட்ராலிக் கருவியால் தளத்தைக் கொஞ்சம் தூக்கி, சில பத்து சென்டிமீட்டர் நகர்த்தி, இறக்கி, மறுபடி தூக்கி... இப்படியே நகர்ந்து 2004 மே மாதம் ஆற்றுக்கு மேலே இரண்டு பாதியும் சந்தித்தன. டிசம்பரில் திறந்துவிட்டார்கள்.

நெடுஞ்சாலை நேசன்:
எல்லோரும் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரை மட்டும் சொல்கிறார்கள். பாலத்தின் அடிப்படை யோசனை பொறியாளர் மிஷெல் விர்லோஜோவுடையது, அவர் பெயரும் கட்டாயம் வரவேண்டும்.

மலைப்பாதை:
சரி, புரிந்தது. ரொம்ப நன்றி எல்லோருக்கும். தள்ளும்போது எடுத்த வீடியோ இருந்தால் போடுங்கள்.